நீதிபதியின் கையேடும் பழனி மலைப் பெண்களும்

முன்னுரை

நீதிமன்றத்தில் வழக்காடுவோரைக் காண்கிறோம், வழக்கறிஞரைக் காண்கிறோம், தீர்ப்பு வழங்கும் நீதிபதியையும் காண்கிறோம். ஆனால் தீர்ப்பெழுதுமுன் அவர் எந்த நூலைப் புரட்டினார் என்பதை நாம் கவனிப்பதில்லை. சட்டமன்றம் இயற்றும் சட்டம் சில வரிகளில் அடங்கிவிடும். அவ்வரிகளுக்குப் பொருள் கொள்வது எப்படி, எது வழக்கம், எது நியாயமான பங்கு, மனைவியின் கடமை யாது என்பவற்றை நீதிபதிக்குக் கற்பிப்பவை உரைநூல்களும் கையேடுகளுமே. ஆதலால் குடும்ப வாழ்வில் பெண்ணுக்குக் கிடைத்த நீதியின் வரலாறு பெரும்பாலும் இந்நூல்களின் வரலாறே எனலாம்.

பெண்களைப் பற்றிய முன்முடிவுகள் தீர்ப்புகளில் நுழையாதிருக்கும் பொருட்டு, நம் நாட்டின் உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டு மாதத்தில் நீதிபதிகளுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. இது முற்றிலும் புதிய முயற்சி என்று பலர் கருதக்கூடும். ஆனால் நீதிபதிக்கு நூல் எழுதித் தரும் பணி இந்நாட்டில் ஏறத்தாழ 250 ஆண்டுப் பழமையுடையது. அந்த நீண்ட வரலாற்றில் பழனி மலைக்கும் ஓர் இடமுண்டு. கிறிஸ்தவத் திருச்சபைக்கும் பொறுப்புண்டு. முன்னோர் இயற்றிய நூல்கள் எவ்விடத்தில் தவறின என்பதை அறிந்தாலன்றி, இனி இயற்றப்படுவனவும் அவ்விடத்திலேயே தவறும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலையில் நிலவிய ஒரு வழக்கம்

பழனி மலையின் பெரும்பகுதி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1985 வரை அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள், சமவெளியின் நோய்களுக்குத் தம் குடும்பத்தாரைப் பலி கொடுத்தபின், 1845-இல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். நம் சபை வரலாறுகள் பெரும்பாலும் இந்த ஆண்டிலிருந்தே மலையின் கதையைத் தொடங்குகின்றன. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மலையில் பளியரும் புலையரும் குன்னுவரும் வாழ்ந்துவந்தனர். அவர்களுக்குத் திருமண முறையும் சொத்து முறையும் இருந்தன; அவை எந்த ஏட்டிலும் எழுதப்பட்டவை அல்ல.

அவற்றுள் ஒன்றை ஏட்டில் ஏற்றியவர் ஜேம்ஸ் ஹென்றி நெல்சன். சென்னை ஆட்சிப்பணியைச் சேர்ந்த இவர், மதுரை மாவட்டத்தைப் பற்றிய விரிவான நூலை 1868-இல் வெளியிட்டார். குன்னுவரிடையே நிலவிய ஒரு வழக்கத்தை அதில் அவர் விவரிக்கிறார். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் நிலம் மகளுக்கு வந்துசேரும் நிலை ஏற்பட்டால், அவள் வயதுவந்த ஆடவனை மணக்கக் கூடாது. சிறு பையன் ஒருவனுக்கோ, சில வேளைகளில் தன் தந்தையின் வீட்டின் ஒரு பகுதிக்கோ அவளுக்கு மணச்சடங்கு நடத்தப்படும். பின்னர் தன் இனத்தானாகிய ஓர் ஆடவனுடன் அவள் வாழலாம். பிறக்கும் பிள்ளைகள் அவள் தந்தையின் நிலத்துக்கு உரியவர் ஆவர். இதனால் பல வழக்குகள் எழுந்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தை பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பிள்ளை என்று சாட்சியம் கூறப்பட, மதுரை ஆட்சியர்கள் திகைத்தனர் என்றும் நெல்சன் எழுதுகிறார்.

இவ்வழக்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது எளிது. பெண்ணுக்குச் சுதந்திரமளித்த வழக்கம் என்று போற்றுவதும் எளிது. இரண்டும் பொருந்தா. தந்தையின் வீட்டைவிட்டு அப்பெண் வெளியேற்றப்படவில்லை, அவள் பெற்ற பிள்ளைகள் இழிவாகக் கருதப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும் நிலம் அவளுக்காகக் காக்கப்படவில்லை. நிலத்துக்காக அவள் காக்கப்பட்டாள். தந்தையின் கால்வழியையும் அவள் பெறப்போகும் மகனையும் இணைக்கும் பாலமாக மட்டுமே அவள் எண்ணப்பட்டாள். அவள் விரும்பியது யாது என்று கேட்கப்பட்டதாக அப்பதிவில் ஒரு சொல்லும் இல்லை.

திருமறையைக் கற்றோருக்கு இது அந்நியமான கதையன்று. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேயின் முன்பாக வந்து, மகன் இல்லாத காரணத்தால் தங்கள் தகப்பனுடைய பங்கு அற்றுப்போகலாமா என்று வழக்குரைத்ததை எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. மோசேயின் கையில் அவ்வழக்குக்கு முன்தீர்ப்பு இல்லை. அவர் அதனைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனார். அப்பெண்களின் பேச்சு நியாயமானது என்பதே கிடைத்த மறுமொழி. ஆனால் 36-ஆம் அதிகாரத்தில் அக்கோத்திரத்தின் தலைவர்கள் மீண்டும் வருகின்றனர். நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடும் என்ற அச்சத்தை அவர்கள் முன்வைக்க, அப்பெண்கள் தங்கள் பிதாவின் கோத்திரத்துக்குள்ளேயே மணஞ்செய்ய வேண்டும் என்ற வரம்பு விதிக்கப்படுகிறது. முதல் விசாரணையில் பெண்கள் தாமே பேசினர். இரண்டாம் விசாரணையில் தலைவர்கள் மட்டுமே பேசினர். சீனாய்க்கும் கானானுக்கும் இடைப்பட்ட வெளியில் எழுந்த அதே அச்சமே பழனி மலையிலும் பெண்ணின் திருமணத்தை நிலத்தோடு சேர்த்துக் கட்டியது.

2. ஏட்டுச் சட்டமும் எழுதாச் சட்டமும்

இத்தகைய வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பு ஆங்கிலேய அலுவலர் கைக்கு வந்தபோது, அவர்கள் தேடியது ஒரு நூல். 1772-இல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரமும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனும் அளவுகோலாயின. சாத்திரத்தை விளக்கப் பண்டிதர்கள் நீதிமன்றங்களில் அமர்த்தப்பட்டனர். கோல்புரூக் மிதாட்சரத்தின் வாரிசுரிமைப் பகுதியை 1810-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சென்னையின் தலைமை நீதிபதியாயிருந்த சர் தாமஸ் ஸ்டிரேஞ்சு இந்துச் சட்டத்தைப் பற்றிய தம் நூலை 1825-இல் வெளியிட்டார். 1864-இல் பண்டிதர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதன்பின் நீதிபதிக்குத் துணை நின்றவை அச்சிட்ட நூல்களும் முன்தீர்ப்புகளும் மட்டுமே.

நெல்சனின் மதுரை நூல் வெளியான அதே 1868-ஆம் ஆண்டில், அதே மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் விதவை அரசியார், கணவனின் அனுமதியில்லாதபோதும் நெருங்கிய உறவினரின் இசைவோடு பிள்ளையைத் தத்தெடுத்தது செல்லுமா என்பதே வழக்கு. செல்லும் என்று கூறிய பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் சாத்திர வாசகத்தையும் விஞ்சும் என்ற கொள்கையை நிலைநாட்டியது.

பின்னர் மாவட்ட நீதிபதியாகவும் பணிபுரிந்த நெல்சன், 1877, 1881, 1887 ஆகிய ஆண்டுகளில் எழுதிய மூன்று நூல்களில் சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடுமையாகச் சாடினார். வடமொழிச் சாத்திரம் தமிழ்நாட்டின் பெரும்பாலான சாதியாருக்கு ஒருநாளும் சட்டமாயிருந்ததில்லை. மொழிபெயர்ப்பு நூல்களை நம்பிய நீதிபதிகள் மக்கள் அறியாத சட்டத்தை அவர்கள்மேல் சுமத்துகின்றனர் என்பது அவர் வாதம். உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ் 1882-இல் ஆளுநருக்கு வரைந்த நீண்ட மடலில் இதனை மறுத்தார். இதற்கிடையே 1878-இல் வெளியான ஜான் மெயினின் நூல், சாத்திரத்தோடு வழக்கத்துக்கும் இடமளித்தது. பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக நீதிபதிகளின் துணையாய் விளங்கியது.

நெல்சனும் இன்னசும் நிகழ்த்திய இவ்வாதத்தில் இருவரும் பேசாத செய்தி ஒன்றுண்டு. வழக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றால், அதை மெய்ப்பிப்பவர் யார்? ஊர்ப் பெரியவர்கள், அதாவது ஆடவர்கள். சாத்திரத்துக்குப் பொருளுரைத்தவர் யார்? பண்டிதர்கள், அவர்களும் ஆடவர்களே. எழுதிய சட்டமா எழுதாத சட்டமா என்ற போராட்டத்தில் எது வென்றாலும், பெண் வழக்கின் பொருளாக நின்றாளேயன்றிச் சாட்சியாக நிற்கவில்லை. பழைய கையேடுகளின் முதல் குறை இதுவே. அவை எதிலிருந்து சட்டத்தை எடுப்பது என்று வினவின. யாரிடம் கேட்பது என்று வினவவில்லை.

3. கிறிஸ்தவர்களுக்கு எந்நூல்?

இந்துக்களுக்குச் சாத்திரம் என்றால், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு எது சட்டம்? இவ்வினாவும் ஒரு விதவையின் வழக்கிலிருந்தே எழுந்தது. பெல்லாரியில் வாணிகம் செய்து செல்வம் ஈட்டிய மாத்யூ ஆபிரகாம் என்னும் கிறிஸ்தவர் 1842-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் மனைவி சார்லட்டுக்கும் சகோதரர் பிரான்சிசுக்கும் இடையே வழக்கு மூண்டது. தாங்கள் இந்துக் கூட்டுக் குடும்பம் என்பது சகோதரரின் வாதம். 1863-இல் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. மதம் மாறியவர் பழைய மதத்தோடு பழைய சட்டத்தையும் துறக்கலாம், விரும்பினால் அச்சட்டத்தையே கடைப்பிடிக்கவும் செய்யலாம். அவர் நடத்திய வாழ்க்கையே அதனைக் காட்டும் என்று கூறியது.

இத்தீர்ப்புக்குப் பின் அடுத்தடுத்துச் சட்டங்கள் பிறந்தன. 1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளித்தது. பிள்ளைகள் இருக்கும்போது விதவைக்கு மூன்றிலொரு பங்கு அளித்தது. அக்காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். 1869-இல் இந்திய மணமுறிவுச் சட்டமும் 1872-இல் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் வந்தன.

இவற்றினிடையே, 1866-இல் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் என ஒன்று இயற்றப்பட்டது. கணவன் கிறிஸ்தவனானபின் மனைவி அவனோடு வாழ மறுத்தால் என்ன செய்வது என்பதே அதன் பொருள். 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுப்பும் வினாவே அது. மனைவியின் மறுப்பை நீதிபதி பிறர் வாயால் கேட்டு முடிவு செய்யக் கூடாது. அவளையே விசாரிக்க வேண்டும். அவள் மறுத்தால் வழக்கை ஓராண்டு ஒத்திவைத்து, மறுப்பு அவளுடைய சுயவிருப்பத்தின்படியானதா என்பதை மீண்டும் கேட்டறிய வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. மதம் மாறிய ஆடவன் மறுமணம் செய்ய வழி திறப்பதே அதன் முதன்மை நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெண்ணை அழைத்து, உன் விருப்பம் யாது என்று நீதிபதி கேட்க வேண்டும் என்ற கடமை அதில் இருந்தது.

1869-ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு திசையில் சென்றது. மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்கு மணமுறிவு பெறப் போதுமானது. மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அதனோடு கொடுமையோ, இரண்டாண்டுக் கைவிடுதலோ, வேறு கொடிய குற்றமோ சேர்ந்திருக்க வேண்டும். மனைவியோடு தவறிய ஆடவனிடம் கணவன் இழப்பீடு கேட்கவும் அச்சட்டம் இடமளித்தது. மாவட்ட நீதிமன்றம் அளித்த மணமுறிவை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உறுதி செய்யவும் வேண்டும். மலைச் சிற்றூர்ப் பெண்ணுக்கு இது எத்தகைய தடை என்று விளக்கவேண்டுவதில்லை.

4. நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள்

இந்த வேறுபாடு திருமறையிலிருந்து வந்ததன்று. 1857-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தது. இங்கிலாந்து அதனை 1923-இல் நீக்கிவிட்டது. இந்தியாவில் அது 2001 வரை நிலைத்தது. சட்ட ஆணையம் 1960-இல் தன் 15-ஆம் அறிக்கையிலும் 1983-இல் 90-ஆம் அறிக்கையிலும் மாற்றம் வேண்டுமென்றது. 1995-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் இந்த வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இறுதியில் 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணங்களை வகுத்தது. மூன்று நீதிபதிகள் உறுதி செய்யும் விதியும் நீங்கியது. 1869 முதல் கணக்கிட்டால் 132 ஆண்டுகள்.

சொத்துரிமையிலும் இதே கதைதான். திருவிதாங்கூரில் 1916-இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கிலொன்றோ 5,000 ரூபாயோ, எது குறைவோ அதனை மட்டும் ஸ்திரீதனமாக அளித்தது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது இச்சட்டமும் உடன் வந்தது. அங்குள்ள கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துமா என்பதில் சென்னை உயர்நீதிமன்றமே 1970-களில் இருவிதத் தீர்ப்புகள் வழங்கியது. 1986 பிப்ரவரி 24-இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம், திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-லேயே செயலற்றுவிட்டது என்று முடிவுகட்டியது. அவ்வழக்கைத் தொடுத்தது எந்தப் பேராயமும் அன்று, எந்தச் சினடும் அன்று, ஒரு பெண். மகளின் பங்குக்காக வழக்காடச் சபையின் பேரவை முன்வராததற்குக் காரணம், அப்பேரவையில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் சகோதரர்களாக இருந்ததே அன்றோ?

இன்னும் தீராத குறையும் உண்டு. பிள்ளையின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் தந்தை உயிரோடிருந்தால் தாய்க்குப் பங்கில்லை என்பது 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இதனை மாற்றவேண்டுமென்று சட்ட ஆணையம் 2014-இல் தன் 247-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

5. இன்றைய கையேட்டுக்கு வேண்டுவன

2023-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றக் கையேடு பெரும்பாலும் சொற்களையும் சிந்தனை முறையையும் பற்றியது. கீழ்ப்படிதலுள்ள மனைவி, நல்ல மனைவி என்றெல்லாம் எழுதாமல் மனைவி என்று மட்டும் எழுதுமாறு அது கூறுகிறது. நம் பிரசங்கங்களும் இவ்வறிவுரையைக் கேட்பது நன்று. ஆயினும் அது குடும்பச் சட்டத்துக்கென்று எழுதப்பட்ட நூலன்று. அத்தகைய நூல் ஒன்று இயற்றப்படுமானால், மேற்கண்ட வரலாறு மூன்று பாடங்களை அதற்குத் தருகிறது.

முதலாவது, வழக்கம் என்று சொல்லப்படுவதைப் பற்றியது. வழக்கத்தைக் கூறுவோர் யார், அதனால் பயனடைவோர் யார், பெண்கள் அதனைக் குறித்துச் சொல்வது யாது என்பவற்றை நீதிபதி வினவ வேண்டும். பழனி மலையில் இது இன்றும் உயிருள்ள வினா. குன்னுவரின் பழைய மணவழக்கத்துக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் இடமில்லை. ஆனால் பளியர் போன்ற பழங்குடியினருக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதன் 2-ஆம் பிரிவே அவர்களை விலக்குகிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், பெண்ணை விலக்கும் வழக்கம் உண்டு என்று மெய்ப்பிக்கப்படாவிடில், பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதாவது மெய்ப்பிக்கும் சுமை பெண்ணின் தலையிலிருந்து இறக்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது, உழைப்பைப் பற்றியது. மலைத்தோட்டங்களில் காப்பி பறிப்பவளும், பூண்டும் உருளைக்கிழங்கும் நடுபவளும், விறகும் தண்ணீரும் சுமப்பவளும் பெண்ணே. பட்டா கணவன் பெயரில் இருப்பதால் அவள் ஈட்டியது ஒன்றுமில்லை என்று கணக்கிடும் நூல், நீதியின் பாதியை மறந்த நூலாகும்.

மூன்றாவது, கேட்கும் முறையைப் பற்றியது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் பெண் நீதிபதிகளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது; சமரசத்துக்கு முதலிடம் தருகிறது. சமரசம் நல்லதே. ஆனால் சமநிலையில் இல்லாத இருவருக்கிடையே செய்யப்படும் சமரசம், எளியவரின் தோல்விக்கு இடப்படும் நல்ல பெயராகிவிடக் கூடும். எனவே மனைவியைத் தனியே, அச்சமின்றிப் பேசச் செய்வது எவ்வாறு என்பதைக் கையேடு கற்பிக்க வேண்டும்.

முடிவுரை

நீதிபதிகளுக்கான நூலைப் பற்றி இறையியல் மாணவர் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். மலையிலும் சமவெளியிலும் பெரும்பாலான குடும்ப வழக்குகள் நீதிமன்றத்தை எட்டுவதில்லை. அவை ஊர்ப் பஞ்சாயத்திலும் சேகரக் கமிட்டியிலும் ஆயர் இல்லத்துத் திண்ணையிலும் முடிந்துவிடுகின்றன. அங்கே ஆயரே நீதிபதி. அவர் கையில் கையேடு இல்லை என்று எண்ண வேண்டாம். தாம் வளர்ந்த வீட்டிலும் ஊரிலும் கற்ற முன்முடிவுகளே அவரது கையேடு. அது அச்சிடப்படாதது, ஆகவே திருத்தப்படாதது.

மகள் தன் தந்தையின் சொத்திலுள்ள பங்கைச் சகோதரருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்கு நம் பதிவு அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். விடுதலை என்னும் சொல்லை நம் இறையியல் கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதுகிறோம். அச்சொல் ஒரு பெண் தன் பங்கை இழக்கும் தாளின் தலைப்பிலும் நிற்கிறது. அத்தாளில் சாட்சிக் கையெழுத்திடுமாறு ஆயர்கள் அழைக்கப்படுவதுண்டு. மகிழ்ச்சியான குடும்ப நாளில், எல்லாரும் சூழ்ந்திருக்க, மகள் தலையசைப்பாள். அத்தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது.

1866-இல் அந்நிய அரசு இயற்றிய சட்டம்கூட, பெண்ணை நேரில் கேட்டு, ஓராண்டு பொறுத்து, மீண்டும் கேள் என்று நீதிபதிக்குக் கட்டளையிட்டது. ஓராண்டு பொறுக்க நம்மால் இயலாமற்போகலாம். கையெழுத்திடுமுன் அப்பெண்ணைத் தனியே அழைத்து, இது உன் பங்கு, சட்டப்படி உன் சகோதரனுடையதற்குச் சமமானது, இதனை விட்டுக்கொடுக்க நீயே விரும்புகிறாயா என்று ஒருமுறை கேட்க நம்மால் இயலும். செலொப்பியாத்தின் குமாரத்திகள் பேசியபோது மோசே செவிகொடுத்தார். பேசத் துணியாத குமாரத்திகளைப் பேசச் செய்வது இன்றைய ஆயரின் கடமை.